ஓப்பனில் உட்கார்ந்தவள்

உட்காருங்கள் சார், இந்த சீட்டுக்கு ஆள் இல்லை. பையை மேலே போட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரா? நானும் அங்கேதான். சொந்த ஊரே வெள்ளகோவிலா, இல்லை இங்கே வந்து ஏறினீர்களா? தாராபுரமா. தாராபுரத்துக்காரருக்கு அங்கிருந்தே நேர் பஸ் இருக்கிறதே சார், எதற்காக வெள்ளகோவில் வந்து ஏறுகிறீர்கள்? தங்கச்சி வீடா. ம். தாராபுரத்தில் எந்தப் பக்கம்? பஸ் ஸ்டாண்டு பக்கமா. பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றால் எல்லாரும்தான் இருப்பார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், பேச்சுக்குக் கேட்டேன். எங்கள் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அவர் யாரைப் பார்த்தாலும் முதலில் ஊர் கேட்பார், அப்புறம் ஊரில் எந்தத் தெரு, அப்புறம் அந்தத் தெருவில் இன்னாரைத் தெரியுமா என்று ஒன்று. மூன்றாவது கேள்வியில் ஆள் யாரென்று பிடித்துவிடுவார். நேராகக் கேட்கவே மாட்டார். நேராகக் கேட்பது அநாகரிகம் இல்லையா?

'காங்கேயம் பல்லடம் சூலூரெல்லாம் முன்னாடி வாங்க, சில்லறை இல்லாதவங்க இப்பவே சொல்லிருங்க.'

திரும்பிப் பார்த்தீர்கள் பாருங்கள். கண்டக்டர் அந்தப் பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார், பேசியது நான். எனக்கு அது ஒரு வரம் சார். ஒரு தடவை கேட்டால் போதும், குரல் தொண்டையில் வந்து உட்கார்ந்துவிடும். எங்கள் கெமிஸ்ட்ரி சாருடைய குரலில் பியூனைக் கூப்பிட்டு டீ வாங்கிவரச் சொல்லி, அந்த டீயைக் குடித்தவன் நான். பிளஸ் டூ முடித்துவிட்டேன், ரிசல்ட்டும் வந்துவிட்டது, அதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

இப்போது போவது என் வேலைக்காக இல்லை. அக்காவுக்காக. அதோ, முன்னால் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம், பச்சைத் துப்பட்டா தெரிகிறதா? அதுதான் அக்கா, சிந்துஜா. அவள் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, ஒட்டிக்கொண்டு, காதில் என்னமோ சொல்லிக்கொண்டு, அவள்தான் தேன்மலர். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அக்காவின் காலேஜ் சீட்டு போனதற்கு அவள்தான் காரணம். இப்போது அதை வாங்கித் தருகிறேன் என்று அவளே கூட வருகிறாள். எதற்கு வருகிறாள்? அவளுக்கு இதில் என்ன லாபம்? கரூரில் ஏறியதிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அக்காவும் அவளும் கரூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் ஒரே வகுப்பு. முடித்துவிட்டு இரண்டு பேரும் எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதினார்கள். அதற்கு இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் படித்தார்கள். வீட்டில் என்றால் கார் ஷெட்டில். ஹாலில் உட்காரலாம்தான், ஆனால் அவள் வருகிற நேரத்துக்கெல்லாம் அம்மா ஹாலைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். 'ஈரமா இருக்கு அம்மிணி, வழுக்கிரும், ஷெட்டுலயே உக்காந்துக்கங்க.' அம்மாவுக்கு அவள் மேல் அவ்வளவு கரிசனம். டீ கொடுப்பதற்கு என்றே தனியாகப் பேப்பர் கப் கட்டு வாங்கி வைத்திருந்தாள். நாங்கள் எல்லாம் அதே பழைய எவர்சில்வர் டம்ளர், அவளுக்கு மட்டும் தினமும் புதுக் கப். இதைவிட ஒருத்தியை எப்படி சார் கவனிப்பது?

அந்த மாதிரி கவனித்த வீட்டுக்குத்தான் இப்படிச் செய்தாள்.

தேர்வு ரிசல்ட் வந்தது. அக்கா நாற்பத்தொன்று. குறைச்சல்தான் என்கிறீர்களா? இல்லை சார், அது அப்படி இல்லை. கோயம்புத்தூரில் ஒரு காலேஜ், எம்.சி.ஏ. என்றால் அதுதான், பெயர் எதற்கு. அங்கே போன வருஷம் கடைசி சீட்டு எந்த மார்க்கில் முடிந்தது என்று வெப்சைட்டில் போட்டிருக்கிறான். ஓப்பனில் அறுபது. பி.சி.யில் நாற்பது. எஸ்.சி.யில் முப்பத்தெட்டு. அப்பா அதைப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு சொன்னார், அப்படியே சொல்கிறேன் கேளுங்கள்: 'பாத்தியாடா அநியாயத்த. ரெண்டு மார்க்கு. நம்ம புள்ளைங்க ராப்பகலா படிச்சு நாப்பது வாங்கணும், அவங்களுக்கு முப்பத்தெட்டே போதுமாம். இந்த நாடு எப்படிடா உருப்படும்?'

அறுபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் இருபது இருக்கிறதே என்றா கேட்கிறீர்கள்? அது வேறு கணக்கு சார். அக்காவிடமும் பி.சி. சர்டிபிகேட் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அப்பா தாலுகா ஆபீஸில் வாங்கி லேமினேட் பண்ணி பீரோவில் வைத்திருக்கிறார். ஆனால் அது கோட்டா இல்லை. அது சர்டிபிகேட். எங்களுக்கு முறைப்படி வருவது. நீங்கள் பெரியவர், உங்களுக்குத் தெரியாததா.

சரி, அக்கா நாற்பத்தொன்று. தேன்மலர் எவ்வளவு? அங்கேதான் வருகிறது விஷயம். அவள் சொல்லவே இல்லை. அம்மா கேட்டாள், சிரித்துவிட்டு, 'பரவால்லைங்கம்மா, வந்திருக்கு' என்றாள். அப்பா கேட்டார், 'பாஸாயிட்டனுங்க' என்றாள். அந்தப் பரீட்சையில் பாஸ் ஃபெயிலே கிடையாது சார். அக்காவிடம் நான் தனியாகக் கேட்டேன். 'எனக்கே சொல்லலடா. என் மார்க்கைக் கேட்டுட்டு அப்படியே பேச்சை மாத்திட்டா. நான் வருத்தப்படுவேன்னு சொல்லாம இருப்பா' என்றாள். அக்கா ஒரு அப்பாவி. மார்க் அதிகம் வாங்கினவர்கள் யாராவது வாயை மூடிக்கொண்டு இருப்பார்களா? நான் அரைப் பரீட்சையில் தமிழில் எழுபது வாங்கினதற்கே தெரு முழுக்கச் சொன்னேன்.

'முப்பதுகூட வந்திருக்காது. அதான் மறைக்கறா' என்றாள் அம்மா.

அப்புறம் கவுன்சிலிங் வந்தது. எல்லாம் ஆன்லைன்தான். காலேஜ் பெயர்களை வரிசையாகக் கொடுத்தால், மார்க்கைப் பார்த்து ஒரு காலேஜை ஒதுக்குவார்கள். ஒதுக்கிய மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் உள்ளே போய் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்பதை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் சீட்டு வேண்டாம் என்று அர்த்தம், வேறு யாருக்காவது போய்விடும். அவ்வளவுதான் முறை.

அக்காவுக்கு அந்தப் பெரிய காலேஜே கிடைத்துவிட்டது சார். பி.சி.யில் கடைசிக்குப் பக்கத்தில், ஆனாலும் கிடைத்துவிட்டது. அம்மா கேசரி கிண்டினாள். அப்பா எங்கள் தறி ஷெட்டில் இருக்கிற ஆட்களுக்கெல்லாம் பூந்தி வாங்கிக் கொடுத்தார். ஒரு மணி நேரம்தான் அந்த சந்தோஷம். தேன்மலரிடமிருந்து அக்காவுக்கு போன். அவளுக்கும் அதே காலேஜாம். இரண்டு பேரும் ஒரே ஹாஸ்டல் ரூம் எடுப்பது வரைக்கும் பேசிவிட்டார்கள்.

அப்பா முகம் சுருங்கிப் போனது. 'என்ன மார்க்குன்னே சொல்லல, சீட்டு மட்டும் வந்துருச்சா?' என்றார்.

அந்த வார்த்தை என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருத்தியின் மார்க்கைத் தெரிந்துகொள்வது எனக்கு எவ்வளவு நேர வேலை? அம்மாவோடு தாலுகா ஆபீஸ் போனபோது அங்கே ஒரு ஆபீசர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் தொண்டையைச் செருமுவார், எதிரில் நிற்கிறவர் பேசி முடிப்பதற்குள் 'அதான், அதான்' என்பார். அந்தக் குரலை எடுத்துக்கொண்டேன். தறி ஷெட்டில் ஒரு பழைய பட்டன் போன் கிடந்தது. முன்பு வேலை பார்த்த ஒடிசாக்காரப் பையன் விட்டுவிட்டுப் போனது, சிம்மோடு. தறி எல்லாம் நிற்கிற சாப்பாட்டு நேரமாகப் பார்த்து, நூல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போட்டேன்.

என்ன மரியாதை சார் அவளுக்கு. 'சொல்லுங்க சார், தேன்மலர்தான் பேசறேன் சார்.' கவுன்சிலிங் ஆபீஸ், உதவி இயக்குநர் பேசுகிறேன், சரிபார்ப்புக்காக உங்கள் மார்க்கைச் சொல்லுங்கள் என்றேன்.

'அறுபத்தெட்டு சார்.'

எனக்கு ஒரு நிமிஷம் ஆபீசர் குரலே போய்விட்டது. செருமிக்கொண்டே சமாளித்தேன். எந்தப் பிரிவில் சீட்டு ஒதுக்கியிருக்கிறது என்று கேட்டேன். 'ஓப்பன்ல சார்' என்றாள்.

பார்த்தீர்களா அக்கிரமத்தை? அவர்களுக்குத்தான் தனியாகப் போட்டிருக்கிறதே. அதில் போய் உட்கார வேண்டியதுதானே? அதை விட்டுவிட்டு ஓப்பனில் வந்து உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? சாயங்காலம் அக்காவிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன், எஸ்.சி.க்காரர்கள் ஓப்பனில் வரலாமா என்று. 'ஓப்பன்னா எல்லாருக்கும்டா. யாரு மார்க்கு மேல இருக்கோ அவங்களுக்கு. அதுல ஜாதியே பாக்க மாட்டாங்க. அங்க எடம் முடிஞ்சப்புறம்தான் மத்ததெல்லாம்' என்றாள். தேன்மலர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறாள். ஓப்பன் எங்களுக்கு என்று அப்பா சொல்லி எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், அப்பா பொய்யா சொல்வார்?

போனுக்கு வருகிறேன். மார்க்கைத் தெரிந்துகொண்டதும் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சத்தியமாக சார். ஆனால் 'ஓப்பன்ல சார்' என்று அவள் சொன்ன விதம் இருக்கிறதே, ரொம்ப சாதாரணமாக, என்னமோ அவள் வீட்டு முற்றம் மாதிரி. என் வாய் தானாகப் பேசியது. அப்படியே பண்ணிக் காட்டட்டுமா? வேண்டாம், முன்னால் கேட்கும். பிறகு காட்டுகிறேன். விஷயம் இதுதான்: உங்கள் ஒதுக்கீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறதம்மா, அமுக்காதீர்கள், நாங்களே மறுபடி கூப்பிட்டுச் சொல்கிறோம், அதுவரைக்கும் தொடவே கூடாது, தொட்டால் ஓப்பன், கோட்டா இரண்டும் போய்விடும்.

அவள் சும்மா விடவில்லை. 'சார், கையேட்டுல அப்படி ஒரு விதி இல்லையே சார்' என்றாள். கையேட்டைப் படித்திருக்கிறாள் பாருங்கள். நேர்மையானவர்கள் எதற்கு சார் கையேட்டைப் படிக்கிறார்கள்? புது விதி, இப்போதுதான் சுற்றறிக்கை வந்தது என்றேன். 'எனக்கு மட்டுமா சார்? இல்ல எல்லாருக்குமா?' என்றாள். அவளுக்கு மட்டும் என்றால் சந்தேகப்படுவாள் இல்லையா? அதனால் நன்றாகச் செருமிவிட்டு, அதிகாரமாக, 'ஜாதி சர்டிபிகேட் குடுத்த எல்லாருக்கும்தாம்மா' என்றேன்.

எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். ஒரு நிஜ ஆபீசருக்குக்கூட அந்த நேரத்தில் அது தோன்றியிருக்காது.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? அக்காவும் கொடுத்திருக்கிறாள்தான். நான் சொன்னது அவர்களை. ஜாதி சர்டிபிகேட் என்றால் அவர்களைத்தானே சொல்வோம்? யாருக்கும் புரியுமே.

அவளுக்குப் புரியவில்லை. அல்லது புரியாத மாதிரி நடித்தாள், எனக்கு அந்த சந்தேகம்தான். நான் போனை வைத்த கையோடு அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: 'சிந்து, ஆபீஸ்லேருந்து கூப்பிட்டாங்க, சர்டிபிகேட் போட்ட யாரும் அமுக்க வேண்டாமாம், நீயும் அமுக்காத, உனக்கும் போன் வரும்.' அக்காவும் சரி என்று சும்மா உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னால் அக்காவுக்கு வேதவாக்கு. இதெல்லாம் எனக்குத் தெரியாது சார். நான் ஷெட்டிலிருந்து வருவதற்குள் இது நடந்து முடிந்துவிட்டது. அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எதற்குச் சொல்கிறாள், நான் சின்னப் பையன்.

நான் வந்து என்ன செய்தேன் என்றால், அக்கா குளிக்கப் போனபோது அவள் போனை எடுத்து தேன்மலர் நம்பரைத் தடுத்து வைத்தேன். ஒரு முன்யோசனைதான். அவள் அக்காவிடம் யோசனை கேட்டு, அக்கா 'பரவால்ல, அமுக்கு' என்று சொல்லிவிட்டால் என் வேலை கெட்டுவிடும் இல்லையா?

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போயிருந்தாள். அக்கா எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். கேட்டில் யாரோ தட்டுகிற சத்தம். ஜன்னல் இடுக்கில் பார்க்கிறேன், தேன்மலர். முகமெல்லாம் வியர்வை. இரண்டு பஸ் மாறி வந்திருக்க வேண்டும். கேட்டைத் திறந்துகொண்டு வந்து கதவுக்கு வெளியே நின்று கத்துகிறாள்: 'சிந்து, நான்தான். உனக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், போகவே மாட்டேங்குது. அந்த போனு பொய்யாம். சந்தேகமா இருந்துச்சுன்னு எங்கப்பாவக் கூட்டிட்டு உதவி மையத்துக்கே போயிக் கேட்டேன். நான் அமுக்கிட்டேன். நீயும் உடனே அமுக்கிரு, அஞ்சு மணிக்கு மூடிருவாங்க.'

நீங்களே சொல்லுங்கள், அந்த வெயிலில், அடுத்தவர் வீட்டுப் பெண் சீட்டை வாங்க வேண்டும் என்று ஒருத்தி ஓடி வருவாளா? அவளுடைய அப்பா பஸ் டிப்போவில் டயர் மாட்டுகிறவர், அவர் லீவு போட்டுவிட்டு மையத்துக்குப் போனாராம். என்னமோ இருக்கிறது என்று பட்டது. அமுக்கு, அமுக்கு என்று இவ்வளவு அவசரப்படுத்துகிறாள் என்றால் அமுக்கினால்தான் ஏதோ ஆபத்து. அக்கா நேற்றே அமுக்கியிருப்பாள், இவள் மறுபடி அமுக்கச் சொல்லிக் குழப்புகிறாள் என்று நினைத்தேன். அதனால் கதவுக்குப் பின்னால் நின்று, அக்கா குரலில், தலையில் துண்டு கட்டினால் அவள் குரல் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி வரும், அதே மாதிரி, 'அமுக்கிட்டேன் தேனு. தலைக்கு ஊத்திட்டிருக்கேன், அப்புறமா பேசறேன்' என்றேன்.

வெளியே அவள் செருப்பு ஒரு அடி கதவுப் பக்கம் வந்த சத்தம் கேட்டது. அப்புறம் 'சரி' என்றாள். போய்விட்டாள்.

அக்கா ஆபீசர் போனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு, இன்னும் வரவில்லையே என்று கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். 'வாய்ப்பை ஏற்கவில்லை' என்று வந்திருந்தது. அவ்வளவுதான். அவள் அழவில்லை சார். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அம்மா லைட்டைப் போட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வெப்சைட்டில் சீட்டை ஏற்றுக்கொண்டவர்கள் பட்டியலில் தேன்மலர் பெயர் இருந்தது. அப்பா குதித்தார். 'அவ மட்டும் எப்படி அமுக்குனா? நம்ம புள்ளைய அமுக்காதன்னு சொல்லிட்டு அவ அமுக்கிட்டா பாரு. ஆபீசுல அவங்க ஆளு எவனாவது இருப்பான்.' எனக்கும் அப்போதுதான் எல்லாம் பிடிபட்டது. அவள் என் குரலை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள் சார். கண்டுபிடித்துவிட்டு, அதையே அக்கா மேல் திருப்பிவிட்டாள். இல்லாவிட்டால் ஒரு ஆபீசர் ரகசியமாகச் சொன்னதை எதற்கு அக்காவுக்குச் சொல்ல வேண்டும்? சும்மா, நல்லெண்ணத்திலா? யார் செய்வார்கள்? நான் செய்வேனா? என்னைக் கேட்டால், ஆபீசர் அமுக்காதே என்றால் நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். எனக்குத் தெரிந்தது அடுத்தவனுக்கு எதற்கு?

அது மட்டும் இல்லை, அப்பா இன்னொன்றும் சொல்லிவிட்டார். இந்த வருஷம் சீட்டு இல்லை என்றால் ஜாதகத்தை எடுத்துவிடுவாராம். ஈரோட்டில் ஒரு பையன், சொந்தமாகச் சாயப்பட்டறை. 

இதெல்லாம் நடந்த பிறகு அக்கா மொட்டை மாடிக்குப் போய் அவளோடு ரொம்ப நேரம் போனில் பேசினாள். அக்காவே தடையை எடுத்துவிட்டாள் போல. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. காதை வைத்துப் பார்த்தேன், மோட்டார் சத்தம். கீழே வந்தவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் பேசியது யார் என்று அவள் சொல்லியிருந்தால் அக்கா என்னைச் சும்மா விட்டிருப்பாளா? அடித்திருப்பாள். அடிக்கவில்லை, அப்படியானால் தேன்மலர் அதைச் சொல்லவில்லை. அது ஏன் சொல்லவில்லை என்பது இன்னொரு சந்தேகம். அக்கா அன்றைக்கு எனக்குத் தோசைகூடச் சுட்டுப் போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூர் கவுன்சிலிங் ஆபீஸுக்கு இரண்டு பேரும் போன் போட்டார்கள். அங்கே ஒரு மேடம் சொன்னாராம்: 'ரெண்டாவது சுற்று ஆரம்பிக்கறதுக்குள்ள நேர்ல வாங்க. பொய்யா போன் வந்தது உண்மைதான்னு தெரிஞ்சா சீட்டத் திருப்பித் தர்றதப் பத்திக் குழுவுல வெக்கறேன். ஆனா யாரு பேசினாங்கன்னு காட்டணும். சும்மா வாயில சொன்னா இதே கதைய நூறு பேரு சொல்லுவாங்க.'

காட்டட்டும் பார்க்கலாம். அந்த நம்பர் ஒடிசாக்காரப் பையன் பெயரில் இருக்கிறது. சிம்மை நான் வாய்க்காலில் போட்டுவிட்டேன். இதை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன காட்டுவார்கள்? ஒன்றும் காட்ட முடியாது. இரண்டு பேரும் அது தெரிந்தும் போகிறார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இல்லை சார், அக்காவுக்கு சீட்டு கிடைக்க வேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? அவள் என் அக்கா. ஈரோட்டுக்காரனை எனக்கும் பிடிக்கவில்லை, போட்டோவில் பார்த்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு மாடு மாதிரி பார்க்கிறான். ஆனால் சீட்டு தானாகக் கிடைக்க வேண்டும். அதற்காக நான் போய் மாட்டிக்கொள்ள முடியுமா? அப்பா தறிக் கயிற்றால் கட்டிவைத்து அடிப்பார்.

என்னை எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறார்களா? துணைக்குத்தான். அப்பாதான் வருவதாக இருந்தது. அக்காதான், 'உங்களுக்கு எதுக்குப்பா அலைச்சல், மிதுன் வரட்டும்' என்றாள். மிதுன் என் பெயர். ஒரு ஆம்பளை கூட வந்தால் தைரியமாக இருக்கும் இல்லையா? ஆனால் அதிலும் ஒன்று பாருங்கள். துணைக்கு வந்தவனைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் எதற்கு இவ்வளவு பின்னால் தள்ளினாள்? தேன்மலர்தான், 'தம்பி, நீ பின்னாடி உக்காந்துக்கோ, அங்கதான் காத்து வரும்' என்றாள். எனக்குக் காற்று வருகிறதா இல்லையா என்று அவளுக்கு என்ன கவலை?

காங்கேயம் வந்துவிட்டது. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார், இனி பத்து நிமிஷம் ஆகும். நீங்கள் இறங்கவில்லையா?

ஆபீசர் குரலா? இப்போதா? நான் பிறகு என்று சொன்னது உண்மைதான், ஆனால் வண்டி சத்தம்கூட இல்லையே. சும்மா சொன்னேன் என்று நினைக்கிறீர்களா? நான் சும்மா சொல்கிற ஆள் இல்லை. சார், இவ்வளவு நேரம் கேட்டுவிட்டு, சின்னப் பையன் கதை அளக்கிறான் என்கிற மாதிரி சிரிக்காதீர்கள். ஒரு தாலுகா ஆபீசையே இந்தத் தொண்டையில் வைத்திருக்கிறேன். மெதுவாகச் செய்தால் அந்தக் குரல் வராது, அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். அவர்கள் கீழே இறங்கியிருப்பார்கள், அக்காவுக்கு காங்கேயத்தில் பாத்ரூம் போகிற பழக்கம் உண்டு. சரி, ஒரே ஒரு தடவை.

'ம்க்கும். கவுன்சிலிங் ஆபீஸ், உதவி இயக்குநர் பேசறேம்மா. அதான், அதான். உங்க ஒதுக்கீட்டுல ஒரு சிக்கல் இருக்கு. ம்க்கும். நாங்க சொல்றவரைக்கும் நீங்க அத தொடவே கூடாது, தொட்டா ரெண்டும் போயிரும். அதான். ஜாதி சர்டிபிகேட் குடுத்த எல்லாருக்கும்தாம்மா.'

எப்படி? பின்சீட்டு அம்மா முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டார் பாருங்கள், நிஜ ஆபீசர் என்று நினைத்துவிட்டார். கை தட்டுவீர்கள் என்று நினைத்தேன். ஏன் முன்னால் பார்க்கிறீர்கள்?

இறங்கவில்லையா அவர்கள்?

தேன்மலர் எழுந்து நிற்கிறாள். எதற்கு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள்? 'இதேதான் சிந்து' என்கிறாள். என்ன இதேதான்? சார், நீங்கள் உண்மையிலேயே தாராபுரமா? உங்களுக்கு அவளைத் தெரியுமா? தெரியாது என்றால் எதற்குக் குரலைக் கேட்டீர்கள்? சும்மா ஆசைக்குக் கேட்டேன் என்றால் நான் நம்ப வேண்டுமா?

அக்கா வருகிறாள். எழுந்திருக்காதீர்கள் சார், இது உங்கள் சீட்டு. அக்கா, இவர் யாரோ, எனக்குத் தெரியாது, நான் சும்மா மிமிக்ரி...

'சார், மன்னிச்சுக்கங்க. நீங்க முன்னாடி என் சீட்டுல போயி உக்காந்துக்கறீங்களா? நான் இவன் பக்கத்துல உக்காரணும். இடையில எங்கயும் எறங்கிடக் கூடாது இவன். ஆபீசுல அந்த மேடம் முன்னாடி இத இன்னொரு தடவ பேசணும்.'

பார்த்தீர்களா சார். இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று நான் முதலிலிருந்தே சந்தேகப்பட்டேன்.